புலி முகப் பணிஸ்

அப்போதுதான் வெந்து வந்த பணிஸ் ரொட்டியின் வெண்ணெய் வாசமும் சிங்கக் கூட்டின் மூத்திர நாற்றமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, கொழும்பு மிருகக்காட்சிச்சாலைச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிள்ளைகளே. உள்ளே வரிசையாகப் புலி முகங்கள்: மினுமினுக்கும் மஞ்சள் கன்னம், சாக்லேட் புள்ளி, திராட்சைக் கண், சிரிக்கிற வாய். எங்கள் மலை ஊர் மஸ்கெலியாவில் முதலைபோல நீண்டிருக்கும் "கிம்புலா பணிஸ்" ஒன்றைத்தான் நான் அறிவேன்.

சிறுத்தையை எங்கள் தோட்டத்தில் "புலி" என்றுதான் சொல்வோம். முந்திய மாதம்தான் அது, நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் என் நாய் மணியின் கழுத்தைக் கவ்வித் தேயிலைக்குள் இழுத்துப் போயிருந்தது. விடிந்து தேடியபோது தலைதான் மிச்சம்.

"அப்பா, அது மூஞ்சியக் கடிச்சுத் திங்கப் போறேன்."

"தின்னுடா ராசா! காதுலருந்து ஆரம்பி" என்று அப்பா சிரித்தார்.

பெட்டிக்குப் பின்னாலிருந்த அக்காவுக்குத் தமிழ் விளங்கவில்லை. கடைத்தெருச் சிங்களம் எனக்குத் தெரியுமே என்ற பெருமையில், புலி வேண்டும் என்பதை, "கொட்டியா ஓனே!" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினேன். யுத்தம் நடந்த காலம் அது. வடக்கில் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கும் அதே பெயர்தான் என்பது எனக்கு எங்கே தெரியும்?

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து அப்பாவைக் காதோடு சேர்த்து அறைந்தார். கண்ணாடியில் மோதி விழுந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அடித்தார். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. பொலிசைக் கூப்பிடச் சொல்லி யாரோ கூவினார்கள். கொண்டுபோனால் எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாத காலம். "சின்னப் பிள்ளை மாத்தையா, பணிஸைத்தான் கேட்டான் மாத்தையா" என்று அப்பா தெரிந்த சிங்களத்தில் கெஞ்சக் கெஞ்ச, இரண்டு பேர் அவர் கைகளைப் பின்னால் முறுக்கினார்கள்.

அந்த அக்கா வெளியே பாய்ந்து வந்து, ஒரு பணிஸை அடித்தவரின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தாங்க, பையன் கேட்ட கொட்டியா! இதையும் கொண்டுபோய் அடைச்சு வைங்க!" என்று சிங்களத்தில் கத்தினார். யாரோ சிரித்துவிட, முறுக்கிய கைகள் தளர்ந்தன. அந்த ஆள் பணிஸைத் தட்டிவிட்டு, கீழே விழுந்த புலி முகத்தைச் சப்பாத்துக் காலால் நசுக்கிவிட்டுப் போனார்.

அக்கா வேறொன்று தந்தார். "சீக்கிரம் தின்னு, போயிருவோம்" என்று அப்பா அதைப் பிய்த்து ஊட்டினார். அவர் விரலில் ரத்தம் இருந்தது. இனிப்பும் உப்புமாக விழுங்கினேன்.

அடுத்த பெட்டிக்கும் கேட்கும்படி ரயிலில் கதை அளக்கிற மனுஷன், அன்று நாங்கள் இறங்கும் ஹட்டன் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மலையை விட்டு இறங்கினால் என் தமிழ்ப் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். நான் குரலை உயர்த்தினால் தோளை அழுத்துவார், அவ்வளவுதான்.

இன்று அப்பா இல்லை, யுத்தமும் இல்லை. கொழும்பு ரயிலில் என் மகள் "அப்பா, அங்க பாருங்க!" என்று கூவும்போது மட்டும் என் கை தானாக அவள் தோளை அழுத்துகிறது.

"கைய எடுங்கப்பா, கனக்குது!" என்று பெட்டி முழுக்கக் கேட்கக் கத்துகிறாள்.

எடுத்துவிடுகிறேன்.