பந்தைப் பறிகொடுத்தவளுக்கு முதலிடம்

கோவில்பட்டியில் டீக்கடையில் நின்றபடியே நாலு பேர் சேர்ந்து ஹாக்கி அணியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஒருவர் சொல்லும் அணி இன்னொருவருக்குப் பிடிக்காது. நானும் அந்த ரகம்தான். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் கிளப்பின் ஜூனியர் பெண்களைத் தரம் பிரித்து, முதலிடம் பெறுபவளைப் பெரிய அணியில் சேர்க்கும் குழுவில் ஒரே பெண். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள்.

குழுவின் தலைவர், தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் அண்ணாச்சி. கோல் அடித்தால்தான் அவருக்கு ஆட்டக்காரி. தேர்வு நாளில் அவர் கண் பந்தை விட்டு அகலாது. எனக்கு எரிச்சலாக இருக்கும். ஓர் ஆட்டத்தில் ஒருத்தியின் மட்டையில் பந்து இருக்கும் நேரம் சொற்பம். மீதி நேரமெல்லாம் அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டாமா?

அந்த வருடம் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கரிசல் மண்ணில் ஆடிப் பழகியவள். வெடிப்பில் தட்டிப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் பந்தை இழப்பது அவளுக்குப் புதிதல்ல. மற்றவர்கள் பறிகொடுத்தால் இடுப்பில் கைவைத்து நடுவரை முறைப்பார்கள். இவள் அந்த நொடியே திரும்பி ஓடுவாள், பந்தைத் திரும்பப் பிடுங்கும்வரை நிற்க மாட்டாள். நான் அவளுக்கு முதலிடம் போட்டேன். அண்ணாச்சி கடைசி இடம் போட்டிருந்தார்.

“என்ன டீச்சர், ஒரு கோல்கூட அடிக்கல. பந்த விட்டுட்டு விட்டுட்டு ஓடுதா. இவளப் போயி மொத ஆளுங்கிய?”

“விட்டதப் பாத்திய. பறிச்சதப் பாத்தியளா அண்ணாச்சி?”

பேச்சு வளர்ந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. “இவ சொதப்புனா அடுத்த வருசம் நான் இந்தக் குழுவுலயே இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

“சொன்ன சொல்லு மாறக் கூடாது, ஆமா” என்று சிரித்தபடி அவளைச் சேர்க்க ஒத்துக்கொண்டார் அண்ணாச்சி.

வீட்டுக்கு வரும் வழியில்தான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. சின்ன வயதிலிருந்து மட்டை பிடித்தவள் நான். ஆடுவதை நிறுத்திய பிறகு மைதானத்தோடு எனக்கு மிஞ்சியிருந்தது குழுவில் அந்த ஒரு நாற்காலிதான்.

பெரிய அணியில் அவளும் ஆடிய அந்த வருடப் போட்டியின் இறுதி ஆட்டம். இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல், முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. நடுக்களத்தில் அவள் பந்தைப் பறிகொடுத்தாள். கூட்டமே ‘அடடா’ என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி என் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டார்.

“பாத்தியளா டீச்சர்? நான் அன்னைக்கே சொன்னம்லா…”

என் கண் அவள்மேல்தான் இருந்தது. எங்கள் கோல்வரை துரத்திப் போனாள். எதிராளியின் மட்டையடியிலிருந்து பந்தை உருவினாள். தலையை நிமிர்த்திப் பார்த்து, நீளமாக ஓர் அடி. முன்னால் தனியாக நின்ற எங்கள் பெண் அதை வாங்கி வலைக்குள் தள்ளினாள். ஆசிரியை என்பதை மறந்து நான் எழுந்து நின்று விசில் அடித்தேன். அப்படியொரு சந்தோஷம் நானே கோல் அடித்த காலத்தில்கூட வந்ததில்லை.

என்னைக் கேலி செய்யத் திரும்பிய அண்ணாச்சி எதையும் பார்க்கவில்லை. கூச்சல் கேட்டுப் பதறி மைதானத்தைப் பார்த்தார், ஸ்கோர் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வழக்கமாக, ‘யாரு அடிச்சா’ என்றுதான் கேட்பார்.

“யாரு டீச்சர் பறிச்சா?” என்றார்.