பாதியில் நின்ற டூயட்

போன வருஷம் மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் மைசூருவில் நடந்தது இது. மண்டி மொஹல்லாவில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஹாரன் சத்தத்துக்கு நடுவே பிரேக் ஷூவும் செயின் கவரும் விற்கிற எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம், பாட்டு. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்பக்கக் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து மொபைலில் கரோக்கி பாடுவேன்.

அந்த ஆப்பில் ஒரு வசதி உண்டு. டூயட்டில் தன் பாதியை மட்டும் ஒருவர் பாடி வைத்துவிடலாம். மீதியை எந்த ஊரிலிருந்தும் யாராவது பாடிச் சேர்க்கலாம். அப்படிச் சேர்ந்த தமிழ்க் கூட்டம் ஒன்று எங்களுக்கு இருக்கிறது. அதில் ஓர் அம்மா இருந்தார். முகத்தைக் காட்டமாட்டார், படத்துக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூ. புதிதாக யாராவது வந்து சுதி தப்பிப் பாடினால்கூட முதல் பாராட்டு அவரிடமிருந்துதான் வரும். நானும் அவரும் சேர்ந்து பாடிய காதல் பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. 'உயிரே' என்று உருகி முடித்த கையோடு அவர் "தேங்க்யூ பிரதர்" என்று எழுதுவார், நான் "சூப்பர் சிஸ்டர்" என்று எழுதுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

திடீரென்று ஒருநாள் குழுவில் செய்தி வந்தது. மாரடைப்பில் அவர் போய்விட்டார். அன்று நாங்கள் எல்லோரும் எங்கள் படத்தை எடுத்துவிட்டு அந்தச் செம்பருத்தியை வைத்துக்கொண்டோம். துபாயில் இருக்கும் டிரைவர், குண்டலுபேட்டை டீச்சர் என்று ஆளாளுக்கு அவரோடு பாடியதையெல்லாம் மறுபடி போட்டார்கள். முகம்கூடத் தெரியாத ஒருவருக்காகக் குடோனில் உட்கார்ந்து அப்படி அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்திருக்கும். அந்த அம்மாவின் ஆப் ஐடியிலிருந்தே எனக்கு ஒரு மெசேஜ்! பகீரென்றது. ஆங்கில எழுத்தில் தமிழ். "நான் அவங்க ஹஸ்பண்ட். அவங்ககூட ஜாஸ்தி பாடினது நீங்கதான்னு தெரியுது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. பேசணும்." கீழே முகவரி. பார்த்தால் இதே மைசூரு, என் கடைக்குப் பக்கத்து ஏரியா!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மா துபாயிலோ சென்னையிலோ இருந்தார் என்றல்லவா நினைத்திருந்தேன்? ஒரே ஊரில் இருந்துகொண்டு, 'நாங்க பார்த்ததே இல்ல சார்' என்றால் எந்தப் புருஷன் நம்புவார்? மனைவியிடம் காட்டினேன்.

"இதே ஊர்லயா இருந்தாங்க?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தப்பு பண்ணாத ஆளுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது? நானும் வரேன். அடி விழுந்தா ஆளுக்குப் பாதி."

கதவைத் திறந்தவர் நரைத்த தலை, நல்ல உயரம். "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லி நாற்காலியைக் காட்டினார். சுவரில் மாலை போட்ட படம். அன்றுதான் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தேன். கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மனப்பாடம் செய்து வந்ததை நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"நீங்கதானா அது! உங்களால எத்தன நாள் ஃபேன் இல்லாம உக்காந்திருக்கேன் தெரியுமா? அவ பாடறப்ப ஃபேன் கூடாது, மிக்ஸி கூடாது. ஒரு பாட்டுல நடுவுல குக்கர் விசில் கேக்கும் பாருங்க, அது நான் பண்ணின தப்பு. அன்னிக்குப் பூரா என்கூடப் பேசவே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் மனைவி என்னைவிடப் பெரிதாக மூச்சுவிட்டாள். என்னவோ தைரியசாலி மாதிரி வந்தாளே!

அவர் மொபைலை நீட்டினார். "கடைசியா ஒரு பாட்டுல பாதி பாடி வெச்சிருக்கா. இன்னும் யாரும் சேரல. நீங்க முடிச்சுக் குடுங்க சார். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

நான் கையில் வாங்கிவிட்டேன். மனைவிதான் கேட்டாள், "நீங்க பாடிப் பாக்கலையா சார்?"

"பாத்தேன்மா. ஒரு பாட்டாவது என்கூடப் பாடுங்கன்னு கேட்டுட்டே இருப்பா. நான் இங்கயே பொறந்து கன்னடத்துல படிச்சவன். தமிழ் பேசுவேன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு வார்த்தைய நான் படிக்கறதுக்குள்ள ஸ்க்ரீன்ல அந்த வரியே ஓடிப்போயிடுது. வெக்கத்துல அவகிட்ட அதச் சொல்லல, எனக்குப் பாட்டு வராதுன்னே சொல்லிட்டேன்."

மொபைலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆண் குரல் வரிகளைக் கன்னட எழுத்தில் பெரிது பெரிதாக எழுதினேன். கன்னடத்தில் 'ழ' இல்லையே! வேறு வழியில்லாமல் 'ள' போட்டேன். என் மனைவி எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள்.

நான் விரலால் வரியைக் காட்ட, அவர் பாடினார். சுதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். 'வாழ்வே' வந்த இடத்திலெல்லாம் 'வாள்வே' என்று வெட்டினார். ஆனால் அந்த அம்மாவின் குரல் வரும்போது அசையாமல் கேட்டார், தன் வரிக்குச் சரியாக வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து பாட வேண்டிய கடைசி வரியில் தாளைப் பார்க்கவே இல்லை. முடிந்ததும் மூன்று பேரும் அழுதோம். அழுதுவிட்டுக் காபி குடித்தோம்.

அன்று சாயங்காலமே அதைக் குழுவில் போட்டார். யார் என்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். ஒருவர்கூட சுதியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்தப் பாட்டுக்கு ஆப் போட்ட மார்க் ரொம்பக் குறைவுதான். ஆனாலும் இன்றைக்கும் யாராவது, 'நீங்க பாடினதிலேயே நல்லதா ஒண்ணு போடுங்க' என்று கேட்டால், என் குரலே இல்லாத அந்த டூயட்டைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.