முகம் வெளுத்த அட்டை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தில் பிழை இருக்காது. ஒரு தகர அண்டாவும் இரவல் சைக்கிளுமாகத் தொடங்கியவன் இன்று இரண்டு கொதிகலன், முப்பத்து நான்கு ஆட்கள், நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பு என்று நிமிர்ந்து நிற்கிறேன். இந்த ஊரில் எந்த நோயாளி வெள்ளை விரிப்பில் படுத்தாலும் அதில் என் உழைப்பு இருக்கிறது. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இதை எழுத உட்கார்ந்தது என் பெருமையைப் பாட அல்ல. என் லாண்டரியில் இருபத்தேழு வருடமாகப் பை பார்க்கிற ஒரு பெண்மணிக்கு நடந்ததைச் சொல்ல.

பை பார்ப்பது என்றால் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. அழுக்குத் துணி மூட்டையாக வந்து இறங்கியதும் ஒரு நீள மேசையில் கொட்டுவோம். ஒவ்வொரு சட்டை, கால்சட்டை, மருத்துவர் அங்கி என்று எடுத்து எல்லாப் பையையும் வெளியே இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பேனா தப்பி அண்டாவுக்குள் போனால் நாற்பது விரிப்பு நீலமாகிவிடும். எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. அவள் வந்த பிறகு ஒரு தடவைகூட ஆகவில்லை. சாவி, மோதிரம், மாத்திரை, காதல் கடிதம் எல்லாம் அவள் கையில் அகப்பட்டு உரியவருக்குத் திரும்பிப் போயிருக்கின்றன. ஒருமுறை ஒரு பல்செட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, யாரோ சிரிப்ப விட்டுட்டுப் போயிட்டாங்க."

எல்லாரும் அவளைப் பாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் புருஷன் என் கொதிகலன்காரராக இருந்தவர். நெஞ்சில் புகை சேர்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, லாண்டரிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூவாயிரம் வாடிக்கைக்காரர்களின் துணியைக் காலர் தேய்ந்திருப்பதைப் பார்த்தே இன்னாருடையது என்று சொல்வாள்.

அந்தச் சந்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வார்டு உறுப்பினர் நான்கு வருடம் முன்பு லாண்டரி முன்னால் போகிற ரோட்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் போட்டுக் கொடுத்தார். என் வண்டிகள் இப்போது மழையிலும் நிற்காமல் ஓடுகின்றன. ரோடு உயர்ந்ததால் சந்து பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் சாக்கடை நேராக அந்த நாற்பது வீட்டுக்குள் போகிறது. பாக்கெட் அக்கா உறுப்பினரைப் பார்க்க ஏழு தடவை போனாள். ஏழாவது தடவை அவருடைய ஆள் வாசலிலேயே மறித்து, "அம்மா, தண்ணின்னா பள்ளத்துக்குத்தான் வரும், அதுக்கு அவர் என்ன பண்ணுவார்" என்றானாம். அன்றைக்கு முடிவு கட்டினாள். இந்தத் தேர்தலில் அவரைப் பதவியிலிருந்து இறக்குவது. நாற்பது வீட்டுக்கும் ஏறி இறங்கிப் பேசினாள். மூன்று மாதம் அவள் வாயில் வேறு பேச்சே இல்லை.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய மழை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு சாக்கடை. அரிசியைக் கட்டில்மேல் ஏற்றினாள், துணியைக் கொடியில் போட்டாள், படம் போட்ட அடையாள அட்டை நனைந்துவிடக் கூடாதே என்று அதை மட்டும் வேலைக்கு எடுத்து வந்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இந்த வருடம் அட்டை இல்லாமல் ஓட்டுப் போட முடியாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. முன்பெல்லாம் பட்டியலில் பேர் இருந்து, பக்கத்து வீட்டார் ஒருவர் ஆமாம் இவள்தான் என்று சொன்னால் போதும்.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை மாலையில் எங்கள் ஆட்களின் மேலங்கிகளை எல்லாம் சேர்த்து வெளுப்பது வழக்கம். முப்பத்து மூன்று பேருடைய பையையும் இழுத்துப் பார்த்தாள். தன்னுடையதைக் கழற்றி அப்படியே மேலே போட்டாள். இருபத்தேழு வருடத்தில் அவள் மேலங்கிப் பையில் எதுவும் இருந்ததில்லை. அதனால் பார்க்கிற பழக்கமும் இல்லை.

அட்டை வெளியே வந்தபோது மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உரிந்து, வெளுப்புக் காரம் உள்ளே இறங்கியிருந்தது. பேர் இருந்தது. எண் இருந்தது. முகம் இருந்த இடம் சுத்த வெள்ளை. நான் பார்த்துப் பார்த்துப் பெருமைப்படுகிற அதே வெள்ளை.

"நாம வெளுக்கிற லட்சணம் பாத்தீங்களா அண்ணே. என்னையே எடுத்துட்டோம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அட்டையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறு திங்கட்கிழமை நானே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அட்டை கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனேன். நான் போனால் காரியம் நடக்கும் என்ற நினைப்பு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனுக்கு என் பேரப்பிள்ளை வயது இருக்கும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புது அட்டைக்கு முகவரிச் சான்று வேணும்."

மின்சார ரசீதைக் கொடுத்தாள்.

"இது ஆம்பள பேர்ல இருக்கு."

"எங்க வீட்டுக்காரர் சார்."

"அவர வரச் சொல்லுங்க."

"அவர் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு சார்."

"அப்ப இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் ரெண்டும் வேணும். அதோட படம் ஒட்டின வேற ஏதாவது ஆவணம்."

நான் குறுக்கே புகுந்தேன். "தம்பி, படம் போயிடுச்சுன்னுதான வந்திருக்கோம். படம் இருக்கிற இன்னொன்னு இருந்தா உன் மூஞ்சில ஏன் வந்து முழிக்கிறோம்?"

"கோபப்படாதீங்க சார். விதி அப்படி."

விதியாம். இந்த மாதிரி ஆட்கள் தலையெழுத்தையும் சட்டத்தையும் ஒரே குரலில் சொல்வதில் கெட்டிக்காரர்கள்.

மூன்று தடவை போனோம். முதல் தடவை மேலே சொன்னது. இரண்டாவது தடவை இறப்புச் சான்றிதழ் கொண்டுபோனோம், அதில் அவர் பேரின் முன்னெழுத்து ரசீதில் இருப்பதற்கு மாறாக இருந்தது. மூன்றாவது தடவை எல்லாம் சரி என்று வாங்கிக்கொண்டு, அட்டை வர நாற்பது நாள் ஆகும் என்றான். தேர்தலுக்கு எட்டு நாள் இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் சிலர், ஓர் அட்டை வாங்குவதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். உங்களைத்தான் சொல்கிறேன். வீடு உங்கள் பேரில், ரசீது உங்கள் பேரில், ஓட்டுநர் உரிமம் ஒரு பையில், வங்கிப் புத்தகம் இன்னொரு பையில். உங்களுக்கு அட்டை தானாக வந்து சேரும். புருஷன் பேரில் ரசீதும், பள்ளத்தில் வீடும், நாள் முழுக்க நின்று செய்கிற வேலையும் உள்ளவளிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு நாக்கு எழாது. என்னிடம் கேட்பீர்கள். நான் பதில் சொல்லத் தெரிந்தவன்.

தேர்தல் நாள் வந்தது. காலையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குப் போனேன். மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரி அதே பள்ளியின் கணக்கு வாத்தியார், எங்கள் பழைய வாடிக்கைக்காரர். என்னைக் கண்டதும் பாதி எழுந்தார்.

"வாங்க முதலாளி. வரிசையில எதுக்கு நிக்கிறீங்க, இப்படி வாங்க."

சட்டைப் பையைத் தடவினேன். அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"பரவால்ல முதலாளி, உங்களத் தெரியாதவங்க யாரு இந்த ஊர்ல" என்று பட்டியலில் கோடு போட்டார். விரலில் மை வைத்தார்கள். ரோட்டை உயர்த்திக் கொடுத்தவருக்கே போட்டேன். என் வண்டிகள் ஓட வேண்டும், இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஊரே தெரிந்துவைத்திருக்கும் ஆள் என்ற மிதப்போடு லாண்டரிக்குத் திரும்பினேன்.

பத்து மணிக்குப் பாக்கெட் அக்கா போனாள். பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. இஸ்திரி போடுகிற பெண் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"முதலாளி, அக்காவ உள்ள விடல. வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கு. சாப்பிடக்கூட வரமாட்டேங்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஆறாவது தடவையாக வரிசையில் நின்று மேசைக்கு வந்திருந்தாள். வெள்ளை முகத்து அட்டையையும், அலுவலகத்தில் கொடுத்த ஒப்புகைச் சீட்டையும் நீட்டினாள்.

"அம்மா, காலையில இருந்து இதையேதான் சொல்றேன். படம் இல்லாம முடியாது."

"சார், என்ன உங்களுக்குத் தெரியாதா?"

வாத்தியார் குனிந்துகொண்டார். "தெரியும்மா."

"உங்க சட்டைப் பையில வாரா வாரம் சாக்பீஸ் எடுக்கிறவ நான். போன வருஷம் உங்க சம்சாரத்தோட கம்மல் உங்க கால்சட்டையில கிடந்துச்சு, வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தேன். டீ போட்டுக் குடுத்தீங்க."

"தெரியும்மா. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது, அட்டைக்குத் தெரியணுமே."

வரிசையில் இருந்த ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் சலித்துக்கொண்டார். "அட்டையப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவங்களால எல்லாருக்கும் லேட்டு. கள்ள ஓட்டத் தடுக்கத்தான இந்தச் சட்டமே."

அவள் திரும்பிப் பார்த்தாள். "கள்ள ஓட்டுப் போட வர்றவ ஆறு தடவ வரிசையில நின்னு அதே மூஞ்சியக் காட்டுவாளாய்யா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மேசைக்கு முன்னால் போய் மை வைத்த விரலை நீட்டினேன்.

"வாத்தியாரே, காலையில நான் அட்டை காட்டினேனா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. "முதலாளி, மெதுவா."

"காட்டினேனா இல்லையா?"

"உங்களத் தெரியும்..."

"அவளையுந்தான் தெரியும்னு இப்ப சொன்னீங்க. என்னத் தெரிஞ்சது செல்லும், அவளத் தெரிஞ்சது செல்லாதா? அது எந்தச் சட்டத்துல இருக்கு? ஒண்ணு அவள உள்ள விடுங்க. இல்ல, என் ஓட்டப் பெட்டியில இருந்து எடுங்க."

"போட்டத எடுக்க முடியாது முதலாளி. எதுன்னு எப்படித் தெரியும்?"

"அப்ப அவளையும் போட விடுங்க."

காவல்காரர் என் தோளில் கை வைத்தார். ஐம்பது வருடமாக இந்த ஊரில் என் தோளில் எவனும் கை வைத்ததில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டார்கள். அவர் அரை மணி நேரத்தில் ஜீப்பில் வந்து எல்லாவற்றையும் கேட்டார். காலையில் நடந்தது தவறு, அதற்கு வாத்தியாரிடம் விளக்கம் கேட்கப்படும் என்றார். இந்த அம்மாவை அனுமதிக்க முடியாது என்றார். என் ஓட்டு இருந்தபடியே இருக்கும் என்றார். ஆக, தவறாகப் போட்டது செல்லும். சரியாகப் போட வந்தது செல்லாது. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு இது புரியவில்லை. நிறையப் படித்தவர்களுக்குப் புரியலாம்.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும்வரை அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் சந்திலிருந்து வந்தவர்களில் பதினான்கு பேர் திரும்பிப் போனதைப் பார்த்தேன். ஒருவர் அட்டை சாக்கடையில் ஊறிப்போனது. இரண்டு பேருக்கு அட்டையே வந்ததில்லை. ஒரு கிழவர் பழைய அட்டைப் படத்தில் மீசையோடு இருக்கிறார், இப்போது மீசையும் இல்லை, பல்லும் இல்லை. அவள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய ஆட்கள் அவர்கள். ஒவ்வொருவரும் போகும்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

திரும்பி நடக்கும்போது கேட்டாள். "அண்ணே, நீங்க யாருக்குப் போட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். இருபத்தேழு வருடமாக ஊர் மறைத்துவைப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் பழகியவளிடம் எதற்குப் பொய்?

"ரோடு போட்டவருக்குத்தாம்மா."

அவள் நடந்தபடியே ஒரு விரலை மடக்கி, இன்னொன்றையும் மடக்கினாள்.

"அப்ப நான் போட்டிருந்தா உங்களதும் என்னதும் சரிக்குச் சரி."

"ஆமா."

"அது தெரிஞ்சுதான் அவ்வளவு கத்துனீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"நல்லாத்தான் கத்துனீங்க அண்ணே. ஆனா உங்களது உள்ள கிடக்கு" என்றாள். சந்து முனையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவர்தான் மறுபடியும் ஜெயித்தார். எவ்வளவு வித்தியாசத்தில் என்று கேட்காதீர்கள். பதினைந்து ஓட்டு அதை மாற்றியிருக்குமா என்பது என் வழக்கு அல்ல. அவர்களைக் கேட்காமலேயே அவர்களுக்கும் சேர்த்து ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அதுதான் என் வழக்கு.

இரண்டாம் நாள் உறுப்பினர் நன்றி சொல்ல மாலையும் ஆட்களுமாக லாண்டரிக்கே வந்தார். நான் மாலையை வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்து சந்தைக் காட்டினேன். தேர்தலுக்கு முந்தின வாரம் மறுபடியும் பெய்த மழைத் தண்ணீர் இன்னும் வடிந்திருக்கவில்லை. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பக்கம் எல்லாம் நமக்கு விழாத ஓட்டு முதலாளி. பாதிப் பேர் போடவே வரல."

பை பார்க்கிற மேசையிலிருந்து அவள் தலை நிமிர்ந்தது. ஆனால் பதிலை நான்தான் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

"வந்தாங்க. சாவடி வாசல்ல அந்தப் பெஞ்சுல உக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அடுத்த தடவ எனக்கு மால கொண்டாராதீங்க. மோட்டார் கொண்டாங்க, தண்ணி எறைக்க."

அவர் சிரித்து மழுப்பினார். அவர் ஆட்களும் சிரித்தார்கள். என் ஆட்கள் முப்பத்து நான்கு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் போகும்வரை நான் பின்வாசல் கதவைச் சாத்தவில்லை.