எனக்குக் காதால்தான் ஏறுமாம்

அண்ணன் ஒரு வருஷம் பெயிலானதால் பத்தாம் வகுப்பில் அவனும் நானும் ஒன்றாகப் படித்தோம். அவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படிப்பான். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பேன். வரலாறு, தமிழ் எல்லாம் அப்படியே மனதில் தங்கிவிடும். "இவளுக்குக் காதால ஏறும், அவனுக்குக் கண்ணால" என்று அம்மா தென்காசி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். நானும் பெருமையாக நம்பினேன்.

கணக்கையும் காதாலேயே படித்தேன். முக்கோணத் தேற்றத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். பரீட்சையில் முக்கோணத்துக்கு எக்ஸ், ஒய், இசட் என்று பேர் போட்டிருந்தார்கள். நான் பாட்டுக்கு ஏ, பி, சி என்றே எழுதிவைத்துவிட்டு வந்தேன். மற்ற கணக்குகளுக்கும் இதே கதிதான். அண்ணன் பாஸ். நான் கணக்கில் பெயில்.

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. "ஏட்டி, கண்ணால படிக்கிறவனுக்குத்தான் கணக்கு வரும். ஒனக்கு வராது, விடு. வடகரையில ஒரு மாப்பிள்ள எடம் சொல்லுதாங்க. ரெண்டு வருசம் வீட்டுல இரி" என்றாள் அம்மா. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்டோபரில் மறுபடி எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

சாரலில் துணி காயாமல் வீடெல்லாம் கொடி கட்டியிருந்தது. அதற்கடியில் உட்கார்ந்து அடுப்புக்கரியால் தரை முழுக்க முக்கோணம் போட்டேன். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் திருப்பிப் பார்த்தேன். வாயாலும் சொன்னேன். புரியாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். திட்டித் திட்டி அம்மாவுக்கு வாய் வலித்ததோ இல்லையோ, தரையைக் கழுவிக் கழுவிக் கை வலித்தது. படம் போட்டுத்தான் படத்தைப் படிக்க முடியும். அதற்கு என் காது என்ன செய்யும், பாவம்?

பாஸானேன். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "எம் மவளுக்குக் கண்ணாலதான் ஏறும் ஆச்சி. காதுல சொன்னா ஒண்ணும் நிக்காது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முட்டி தேய உட்கார்ந்தது நான், பேர் கண்ணுக்கா?

"கண்ணுமில்ல, காதுமில்ல. நான் படிச்சேன்" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்ப வடகரைக்காரங்களுக்கு என்னட்டி சொல்ல?"

"பொண்ணு மேல படிக்கப் போகுதுன்னு சொல்லு."