சைக்கிளுக்கு வந்த அழைப்பு

சைக்கிளில் ஊர் ஊராகப் பூண்டு விற்பவனுக்கு மழை எதிரி, மேடு எதிரி. எனக்கு அதற்கெல்லாம் முன்னால் என் மச்சினன் செல்லப்பாண்டி. நடுரோட்டில் செயின் அறுந்து நின்றவர்களே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

கை காட்டினேன், காட்டினான்

வடுகபட்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது, லட்சுமிபுரம் தாண்டிச் செயின் அறுந்தது. செல்லப்பாண்டியின் மினி வேன் காலியாக வந்தது. கை காட்டினேன். அவனும் சிரித்தபடி கை காட்டிவிட்டுப் போயே போய்விட்டான். அவன் கூடப் பிறந்த அக்காள் புருஷன் நான்! அவனாக நிறுத்தி, ‘ஏறுங்க மச்சான்’ என்று சொல்லும்வரை அவனோடு பேச்சில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். தேனிவரை தள்ளிக்கொண்டே போய், வாடிக்கையான இட்லிக்கடையில் பூண்டை இறக்கினேன். கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “சைக்கிளு மேல நீங்க வரணும்ணே. சைக்கிள நடக்கப் பழக்கிட்டு வாறீகளாக்கும்?”

ஆட்டு வண்டி

கடமலைக்குண்டு போகும் வழியில் ஒருநாள் பஞ்சர். பஸ் நின்றது, கண்டக்டர் சைக்கிளைப் பார்த்ததும் விசில் ஊதிவிட்டார். சந்தைக்கு ஆடு ஏற்றிப்போனவர்தான் இரக்கப்பட்டார். பின்னால் எட்டு ஆடு, சைக்கிள், மூட்டை, நான். இறங்கும்போது மூட்டையில் ஓட்டை. ஒரு ஆடு மட்டும் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். வண்டிக்காரர் அதன் வாயை முகர்ந்து பார்த்தார். “பூண்டு உள்ள போயிருச்சுண்ணே. ஆட்ட வாங்குறவுக கறிக்கு இனி இஞ்சி மட்டும் வாங்குனாப் போதும்.”

கால் வீங்கிய சைக்கிள்

போன வருசம் வீரபாண்டி தாண்டி நாய் குறுக்கே வந்ததில் விழுந்தேன். முழங்கால் வீங்கி, ஊன்ற முடியவில்லை. அந்நேரம் பார்த்து வந்தது செல்லப்பாண்டியின் வேன். இந்தத் தடவை நிறுத்தினான். சொல்லப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பேச்சில்லாதவர்கள் நேராகப் பேசமாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் ஆட்டையோ மாட்டையோ பார்த்துத்தான் சொல்வார்கள். அங்கே ஆடும் இல்லை, மாடும் இல்லை. என் சைக்கிளைப் பார்த்தான்.

“ஏலே சைக்கிளு, காலு வீங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஏறு!”

நான் வேன் டயரைப் பார்த்தேன். “சைக்கிளுக்குக் காலு இல்ல. மனுசனக் கூப்பிடச் சொல்லு.”

அவன் சைக்கிளை ஏற்றினான், மூட்டையை ஏற்றினான், பிறகு என்னையும் மூட்டையாகத் தூக்கி உட்கார வைத்தான். ஆஸ்பத்திரியில் நர்சு கேட்டதற்கெல்லாம் அவன் சுவரைப் பார்த்தும், நான் கட்டிலைப் பார்த்தும் பதில் சொன்னோம். கடைசியில் அந்தம்மா பஞ்சைக் கீழே வைத்துவிட்டார். “வலி யாருக்குன்னு ஒருத்தராவது என்னப் பாத்துச் சொல்லுங்களேன்!”

கட்டுப் போட்டதும் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டான், காலும் ஆறிவிட்டது. ஆனால் அன்று அழைப்பு சைக்கிளுக்குத்தான் வந்தது என்பதால், ‘ஏறுங்க மச்சான்’ இன்னும் எனக்கு வரவேண்டிய பாக்கிதான்.