எதிர் நாற்காலியிலிருந்து படித்தவள்

ஒன்பது வயதுப் பிள்ளையும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால், யாருடைய வேகத்தில் பக்கத்தைப் புரட்டுவது? வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. சோறு வடிக்கும்போதும் இருக்கிறது, துணி மடிக்கும்போதும் இருக்கிறது. பதில்தான் வந்தபாடில்லை.

நாங்கள் காஹாங் என்ற சிற்றூரில், செம்பனை எண்ணெய் ஆலையின் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். கணவர் ஆலையில் பொறியாளர். மூத்தவனுக்கு ஆஸ்துமா. வகுப்பில் இருப்பதைவிடக் கிளினிக்கில்தான் அதிகம் இருக்கிறானோ என்று தோன்றிய வருடத்தில், மருத்துவரின் சான்றை வைத்து, அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, அவனை வீட்டில் வைத்துக்கொண்டோம். பாலர்பள்ளிக்குப் போகவேண்டிய மகள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். "அண்ணா மட்டும் வீட்டுல, நான் மட்டும் ஏன் போகணும்?" ஒரு வருடம்தானே என்று அவளுக்கும் மேசையில் இடம் கொடுத்தேன். கடைக்குட்டிக்கு இரண்டு வயது. அவன் மேசைக்கு அடியில்.

நான் கணக்கியல் படித்தவள். நாலு கடை ஏறி ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு பிளெண்டர்கூட வாங்கமாட்டேன். பாடத்திட்டத்தையும் அப்படித்தான் தேடினேன். முதலில் வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தேன். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து தாளில் ஒட்டச் சொன்னது முதல் பாடம். எங்களைச் சுற்றி இருப்பது செம்பனை; ஓர் ஓலை எங்கள் மேசையைவிட நீளம். பிறகு அரசாங்கப் பாடநூல்களுக்கு மாறினேன். அவனுக்குப் பின்னம், அவளுக்குக் கூட்டல். என் தலை மேசை விசிறி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது. யாருக்கும் காற்று சரியாகப் படவில்லை.

கைப்பேசிக் குழுவில் ஒரு தாய்தான் வழி சொன்னார்: எல்லாருக்கும் ஒரே தலைப்பை எடுங்கள், அவரவர் வயதுக்கு ஏற்ற வேலையைக் கொடுங்கள் என்று. 'மண்' என்று தொடங்கினோம். மண்பாண்டங்களுக்குப் பேர்போன ஆயர் ஈத்தாம் போய்ச் சாடிக் கடைகளைச் சுற்றிப் பார்த்தோம். பெரியவன் மண் வகைகளைப் பற்றி எழுதினான், மகள் களிமண்ணில் கிண்ணம் செய்தாள், கடைக்குட்டி அதைத் தின்று பார்த்தான். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

தமிழ் வாசிப்பு மட்டும் மூத்தவனுக்கென்று தனியாக வைத்திருந்தேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தடவி வாசிப்பான். நோயில் விட்டுப்போன மாதங்கள் அவனுக்கு எழுத்துகளில்தான் தெரிந்தன. மகள் எதிர் நாற்காலியில் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு நான் இன்னும் உயிர்மெய் தொடங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கணவரின் அக்கா வந்திருந்தார்; அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். குளுவாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மேசையில் கிடந்த வாசிப்புப் புத்தகத்தை மகள் எடுத்தாள். அதைத் தலைகீழாகத் திருப்பினாள். ஒரு பக்கம் முழுவதையும் நிற்காமல் வாசித்தாள்.

"அலமாக்! புக்க தலகீழா புடிச்சிக்கிட்டுல்ல படிக்குது இது!" என்று வியந்தார் அண்ணி. "மனப்பாடமா இருக்கும்லா" என்று அவரே சந்தேகப்பட்டு, நாங்கள் இன்னும் தொடாத ஒரு பக்கத்தை விரித்துக் கொடுத்தார். அதையும் தலைகீழாக்கி வாசித்தாள். நேராக வைத்தால் திணறினாள். எதிரில் உட்கார்ந்து, அண்ணனின் விரல் போன வழியே அவள் கண்ணும் போயிருக்கிறது. அவள் பார்த்த தமிழ் அப்படித்தான் நின்றிருக்கிறது.

அண்ணி சிரித்து மாளவில்லை. கைப்பேசியில் படம் பிடித்தார். "பெரியவரே, இப்ப நீங்க வாங்க. அத்தைக்குப் படிச்சிக் காட்டுங்க."

மகன் புத்தகத்தைப் பார்த்தான். "எனக்கு மூச்சு வாங்குது அத்தை" என்று சொல்லி இன்ஹேலரைத் தேடி உள்ளே போனான். நான் பின்னாலேயே ஓடி அவன் முதுகில் காது வைத்துக் கேட்டேன். நெஞ்சில் இழுப்புச் சத்தம் துளியும் இல்லை.

அன்றிலிருந்து அவன் சத்தமாக வாசிப்பதை நிறுத்திவிட்டான். நான் செய்தது இதுதான்: மகளை எதிர் நாற்காலியிலிருந்து எழுப்பி அவனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நேராக வாசிக்கப் பழகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் நேரான எழுத்தில் அவள் தடுமாறுவாள், அதை அவன் பார்ப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

நினைத்தபடியே நடந்தது. "ஏய், இது 'லை'. ஒனக்கு இதுகூடத் தெரியலையா?" என்று அவன் சிரித்தான். மறுபடி வாசிக்கவும் தொடங்கினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு மகளின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒருத்தியைப் பிடித்து வைத்துத்தான் இன்னொருவனை நடக்கவிடுகிறேனா?

கணவரிடம் சொன்னேன். காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அவ முந்திக்கிட்டா என்னாம்மா? வெளிய ஓடிட்டாளா? நம்ம வீட்டுலதான இருக்கா?"

"ஒங்களுக்கென்ன, ஆலையில இருக்கீங்க. அவன் மூஞ்சிய நான்தான பாக்குறேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் வேற வேற டைம் வை."

வைத்துப் பார்த்தேன். ஒரே ஹால், ஒரே மேசை. போ என்றால் கதவோரம் நின்று கேட்கிறாள். காதைப் பொத்திக்கொள் என்று எந்தத் தாய் சொல்வாள்? நேர் எழுத்தும் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. இப்போது அவன் வாசிக்கும் வரிக்கு அடுத்த வரியில் அவள் கண் இருக்கிறது. உதட்டை மடித்து அடக்கிக்கொள்கிறாள். அடக்கச் சொன்னது நான்தான்.

போன வாரம், மழை வரும் போல இருந்த ஒரு மதியம், கொடியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். மற்ற இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். புத்தகம் ஆளில்லாத என் நாற்காலியைப் பார்த்தபடி விரிந்திருந்தது. அவன் அந்தப் பக்கமிருந்து, தலைகீழ் எழுத்துகளில் விரலை வைத்து, சத்தம் வராமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். தங்கை படித்த விதத்தில் படித்துப் பார்க்கிறான்.

என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடினான். பிறகு கேட்டான்: "அம்மா, தங்கச்சி அடுத்த வருஷம் ஸ்கூலுக்குப் போயிருவாளா?"

அவள் போகவேண்டும் என்று கேட்கிறானா, போய்விடுவாளே என்று கேட்கிறானா, எனக்குப் புரியவில்லை. "ஒனக்கு எப்படி இருந்தா நல்லாருக்கும்?" என்றேன்.

"சும்மா கேட்டேன்லா" என்று எழுந்து போய்விட்டான்.

அடுத்த வருடம் அவளுக்குப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. பள்ளிக்கு அனுப்புவதா, அவளுக்கும் அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதா என்பதை விரைவில் முடிவு செய்தாக வேண்டும். அனுப்பினால், அண்ணனைவிட நன்றாகப் படித்ததற்காகவா அவளை மேசையிலிருந்து எழுப்பினோம் என்று இருக்கும். வைத்துக்கொண்டால், அவன் வாய் முழுதாக மூடிவிடுமோ என்று இருக்கும். ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றது.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே மேசையில் வைத்துப் படிக்கவைத்தவர்கள் இதைப் படிப்பவர்களில் யாராவது இருப்பீர்கள். எந்தப் பாடத்திட்டம் நல்லது என்று உங்களிடம் நான் கேட்கவில்லை. அதைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன். இளையது முந்திய அந்த நாளில், மூத்த பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்? இளையதை எங்கே உட்காரவைத்தீர்கள்? உங்களுக்கு அது சரியாக வராமல் போயிருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். மேசையில் இப்போது அந்த எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது. யாரை அங்கே உட்காரச் சொல்வது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.