செபத்துக்குள் இருந்த சொற்கள்

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் விழுந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டையால் கரண்ட் இல்லாத காலத்தில். குருநகர்ச் சந்தையில் மீன் விற்றவள். அவள் கூப்பிட்டால் கடற்கரை வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியால் வந்து, தண்ணீர் கேட்கத் தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாசைக் காட்டினால் தலையாட்டுவாள்; அதன் பெயர் வராது.

"வந்தால் மெல்ல மெல்ல வரும். நீங்கள் கதைச்சுக்கொண்டே இருங்கோ" என்றார் டொக்டர். எனக்கோ கதைக்க வராது. இருபது வருசமாக அவள்தான் எனக்கும் சேர்த்துக் கதைத்தவள்.

பின்னேரச் செபமாலையை வீட்டில் முன்னின்று சொல்கிறவளும் அவள்தான். அந்த வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் நான் தடக்கித் தடக்கி "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, பக்கத்தில் ஒரு குரல் சேர்ந்தது. அவள்! ஒரு சொல் பிசகாமல் முழுச் செபத்தையும் சொன்னாள். துணைக்கு வந்திருந்த அவளுடைய அக்கா, என் மச்சாள், விம்மி விம்மி அழுதார்.

செபம் முடிந்ததும் கேட்டேன்: "என்னப்பா, தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

படித்தவர்களிடம் இதற்கு விளக்கம் இருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தோன்றியது இதுதான்: மனம் எல்லாச் சொல்லையும் ஓரிடத்தில் வைப்பதில்லை. அந்தந்த நேரத்துக்கு எடுக்கிற சொற்கள் ஓர் அறையில். சின்ன வயதிலேயே ஒன்றோடொன்று கோத்து வைத்தவை வேறோர் அறையில். முதல் அறைக்குப் பூட்டு விழுந்துவிட்டது. மற்றதை ஆண்டவர் திறந்தே விட்டிருந்தார்.

அதை என்னைவிட முதலில் கண்டுபிடித்தவள் அவள். ஒரு காலை தானாகவே கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கி, "அனுதின அப்பம்" என்ற இடத்தில் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் ஒழுங்கை முடக்குக் கடையில் நாலு அப்பம் வாங்கி வந்தேன். அதைப் பார்த்துச் சிரித்தாள். வருத்தம் வந்து கை விழுந்தபின் முதற் சிரிப்பு. இடது கையால் பழஞ்சோற்றுப் பானையைக் காட்டினாள். பசி என்று சொல்ல அவளுக்கு அகப்பட்ட சொல் "அப்பம்".

அடுத்த நாள் மாதா செபத்தில் "திருவயிற்றின் கனி"யில் நின்றாள். நீர்வேலி வாழைக்குலை ஒன்று கூரை வளையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பழம் உரித்துக் கொடுத்தேன்.

மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. "செபத்தைப் பாதியிலை நிப்பாட்டி வாழைப்பழம் கேக்கிறதோ? மாதா என்ன, கடைக்காரியோ?"

"தாய்தானே மச்சாள். பசிச்சால் பிள்ளை வேறை ஆரிட்டைக் கேக்கிறது?"

"நீர்தான் உவளுக்குச் செல்லம் குடுத்துக் கெடுக்கிறீர்."

மச்சாளுக்கு அப்படிச் சொல்லிவிட்டாலும் எனக்கும் சந்தேகம்தான். பாவமோ என்று பங்குச் சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். "அவ கேக்கட்டும், நீர் பழத்தைக் குடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் செபத்தில் தலையணை இல்லை. உப்பு இல்லை. கால் உளைகிறது என்று இல்லை. அவளுடைய சொந்தச் சொல் ஒன்றாவது வரவேண்டும் என்றுதான் மாதாவிடம் மன்றாடினேன்.

மாரிகாலத்தில் ஒரு பின்னேரம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, விளக்கு ஏற்றாமல், வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினோம். என் நினைவு எங்கேயோ. மணிக்கு ஒரு "அருள் நிறைந்த மரியே" என்று மாலையின் பத்து மணியும் உருட்டி முடிந்தது என்று எண்ணி, அதன் முடிவில் வரும் "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்றேன்.

"இல்லை."

நானும் மச்சாளும் திரும்பிப் பார்த்தோம்.

"இன்னும் ஒண்டு கிடக்கு" என்றாள், முகம் சிவந்து.

எந்தச் செபத்திலும் இல்லாத சொற்கள். அந்தக் கோபமும் அவளுடையதே. என் விரல் ஒன்பதாவது மணியில்தான் இருந்தது. பத்தாவதை அவளே சொல்லி முடித்தாள்.

மறுநாள் வேண்டுமென்றே எட்டாவது மணியில் நிறுத்திப் "பிதாவுக்கும்" என்றேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். அவள் மணியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"கள்ளன்" என்றாள்.

"ஓம்" என்று ஒப்புக்கொண்டு, மிச்சம் இரண்டையும் சொன்னேன்.